போவதற்கு ரயில், இருப்பதற்கு நிலம்: காஞ்சிபுரம் ரயில்பாதையின் வரலாறு சேரியிலிருந்து



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோம். அவர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த கோழியாளத்தில் பிறந்தவர். காஞ்சிபுரமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தபோது அவர் சிறுபிள்ளை. அவருடைய நினைவு நாளில் ரயில்பாதையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்விகளில் ஒன்று, பொதுவழி யாருக்குப் பொது என்பது. ரயில்பாதையைவிடப் பெரிய பொதுவழி அந்தக் காலத்தில் கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை இந்தப் பாதையிடமே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் பாதையின் கதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. ராயபுரத்தில் கிளம்பி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை சென்றது. அதை நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அது ஐந்தரை அடி அகலப்பாதை. இந்தப் பாதை காஞ்சிபுரத்தைத் தொடாமல் வடக்கே விலகிப் போனது. காஞ்சிபுரத்தை அதோடு இணைக்க வந்தது இன்னொரு கம்பெனி. 1862இல் தொடங்கப்பட்ட இந்தியன் டிராம்வே கம்பெனி, குறைந்த செலவில் சிறு பாதைகள் போடும் நோக்கத்தோடு வந்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை சுமார் 19 மைல் பாதையை அது 1865இல் திறந்தது. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடிதான்.

இந்த மூன்றரை அடி உலகம் முழுவதும் அப்போது பரிசோதிக்கப்பட்டுக்கொண்டிருந்த அளவு. நார்வேயில் 1862இல் அந்த அகலத்தில் ரயில் ஓடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதல் ரயில் அதே அகலத்தில் 1865இல்தான் ஓடியது. மலைப்பாங்கான ஏழை நாட்டுக்கும், குடியேற்ற நாட்டுக்கும், கோயிலும் தறியும் நிறைந்த நம் ஊருக்கும் ஒரே கணக்கு: பாதை குறுகினால் செலவு குறையும்.

பிறகு அந்தக் கம்பெனி பெயர் மாறி, 1870களில் தென்னிந்திய ரயில்வேயோடு ஒன்றானது. 1878இல் மூன்றரை அடிப் பாதையைப் பெயர்த்துவிட்டு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1880களின் தொடக்கத்தில் பாதை வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது. 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வே உருவானபோது இந்தப் பாதை அதன் கீழ் வந்தது. இன்று அகலப்பாதை. காஞ்சிபுரம், காஞ்சிபுரம் கிழக்கு என்று இரண்டு நிலையங்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனியின் பெயர், ஆண்டு, மைல், அகலம். நமக்கு வேண்டிய வரலாறு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் ஐந்தரை அடிப் பாதை இருக்கிறது. அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடிப் பாதை. இந்த வண்டி அந்தப் பாதையில் ஓடாது. அப்படியானால் சென்னையிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையும் அரக்கோணத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி, இன்னொரு வண்டியில் ஏற்றப்பட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படியே. லண்டனில் மிச்சம் பிடித்த இரண்டடிச் செலவு, அரக்கோணத்தில் கூலிக்காரர் தலையில் ஏறியது. 1878க்குப் பிறகும் இது மாறவில்லை. மீட்டர் கேஜும் ஐந்தரை அடியோடு ஒட்டாது. பாதையின் அகலம் பொறியாளர் பேசும் விஷயம் என்றுதான் நினைக்கிறோம். சுமந்தவருக்கு அது கழுத்து வலி.

பாதை போட்டதும் அப்படித்தான். மண் வெட்டிக் கரை கட்ட வேண்டும். ஏரிக்கரை ஓரத்திலும் கால்வாயிலும் பாலம் கட்ட வேண்டும். ஜல்லி உடைக்க வேண்டும், கட்டை சுமக்க வேண்டும், தண்டவாளம் தூக்க வேண்டும். கம்பெனிகள் இந்த வேலையைக் குத்தகைதாரரிடம் விட்டன. குத்தகைதாரர் மேஸ்திரியிடம் விட்டார். மேஸ்திரி கூலிக்கு ஆள் சேர்த்தார். பங்குதாரர் அறிக்கையில் மூலதனம் வரும், வருமானம் வரும். கூடை சுமந்தவர் பெயர் வராது.

அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்து நிலத்தில் உழைத்தவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிமைமுறையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சொன்ன சட்டம் 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். ரயில் வருவதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு. ஆனால் 1859இலேயே இன்னொரு சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்கிய வேலைக்காரர் வேலையை விட்டுப் போனால் அவரைத் தண்டிக்கலாம் என்று சொன்ன ஒப்பந்த மீறல் சட்டம் அது. ஒரு கையால் விலங்கைக் கழற்றி, மறு கையால் கடன் பத்திரத்தை நீட்டினார்கள். கிராமத்தில் படியாள் என்ற சொல் அப்படியே இருந்தது. மிராசுதாரிடம் வாங்கிய கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. சேரியின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. வேலையை மறுத்தால் வீட்டையும் விட வேண்டும்.

இந்த மண்ணின் குறுக்கேதான் 1865இல் ரயில் வந்தது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, லண்டனில் உட்கார்ந்து இந்திய ரயிலைப் பற்றி ஒருவர் எழுதிவிட்டார். 1853இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரையை இங்கே பலர் படித்திருப்பீர்கள். ரயிலைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பைக் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஒன்று உண்மை. ரயில் பெட்டிக்குள் ஒரு புதிய விஷயம் நடந்தது. சாதிவாரியாகத் தனிப்பெட்டி வேண்டும் என்ற பேச்சு அன்று எழாமல் இல்லை. கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. வெள்ளையருக்குத் தனி இடம் வைத்தார்கள். மற்றவரைக் காசைப் பார்த்துப் பிரித்தார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. அவர்களை இதற்குத் தூண்டியது லாபக் கணக்கு. கம்பெனிகளின் பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பிலிருந்து வந்தது. சாதிக்கு ஒரு பெட்டி என்றால் வண்டி நீளும், லாபம் சுருங்கும். எந்தக் காரணத்துக்காக நடந்திருந்தாலும், தெருவில் எதிரே வரக்கூடாதவர் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்தார். காசு கொடுத்தால் சீட்டு. சீட்டு இருந்தால் இடம். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது சாதாரண விஷயம் அல்ல.

வண்டி நின்ற பிறகு என்ன நடந்தது?

காஞ்சிபுரத்துக்கு ரயிலில் வந்தவர்களில் கணிசமானவர்கள் கோயிலுக்கு வந்தவர்கள். வைகாசி கருட சேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் சொல்லி மாளாது. கம்பெனி எல்லோரிடமும் ஒரே மூன்றாம் வகுப்புக் கட்டணம் வாங்கியது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கட்டணம் செல்லாக்காசு ஆனது. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் குளத்தில் இறங்கலாம், எந்தக் கோபுரத்தை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது.

பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆண்டு 1924. அதாவது காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்து 59 ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் சாலை எங்களுக்கும் சாலை என்று சட்டமன்றத்தில் சொல்லவேண்டி வந்தது. கோயில் நுழைவுக்கு வழி திறந்த சட்டம் 1939இல் வந்தது. அதுவும் அறங்காவலர் விரும்பினால் திறக்கலாம் என்ற அளவில்தான். மாகாணம் முழுவதும் உரிமையாக்கிய சட்டம் 1947இல் வந்தது. 82 ஆண்டுகள் கோயில் நகரத்துக்குச் சீட்டு விற்றார்கள். கோயில் கதவு சாத்தியே இருந்தது. 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு கூடி, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்தது. பெரியார் வெளியேறினார். அந்த வெளிநடப்பு எல்லோருக்கும் தெரியும். அந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் இறங்கிய ஸ்டேஷனிலிருந்து சில தெருக்கள் தள்ளி, அன்றும் கோயில் கதவு நமக்குச் சாத்தியிருந்ததையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஸ்டேஷனுக்கு உள்ளேயும் எல்லாம் சமமாக இல்லை. தண்ணீர் ஊற்ற உயர்சாதிக்காரரை வைப்பார்கள். உணவு விடுதியில் பார்ப்பனருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. ரயில்வே உணவு விடுதிகளில் இருந்த இந்தப் பாகுபாடு பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் எடுக்கப்பட்டது. ‘மற்றவர்’ என்ற பகுதிக்குள் நமக்கு இடம் இருந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பாபாசாகேப் தன் சிறுவயது அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901இல் சாத்தாராவிலிருந்து தந்தையைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலில் கிளம்பினார். நல்ல உடை. கையில் பணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு விசாரித்தார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்த நொடியில் அவர் முகம் மாறியது. மாட்டு வண்டிக்காரர்கள் இரட்டைக் கூலி கொடுத்தாலும் ஏற்ற மறுத்தார்கள். இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ரயிலுக்கு அந்தப் பிள்ளைகள் பயணிகள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் தீண்டப்படாதவர்கள். மசூர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வாசல் ஒவ்வொரு ஊரிலும் இருந்தது.

அப்படியென்றால் ரயில் நமக்கு எதையுமே தரவில்லையா? தந்தது. போவதற்கு ஒரு வழியைத் தந்தது. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. படியாள் ஓடினால் அடுத்த ஊர் வரை ஓடலாம். அடுத்த ஊர் மிராசுதார் பிடித்துக் கொடுப்பார். ரயில் ஏறினால் ஒரே பகலில் மாவட்டத்தையே தாண்டலாம். காஞ்சிபுரத்தில் ஏறினால் அரக்கோணம். அரக்கோணத்திலிருந்து ஒரு பக்கம் ராயபுரம், சென்னைத் துறைமுகம். இன்னொரு பக்கம் ஜோலார்பேட்டை, பெங்களூர்.

துறைமுகப் பக்கம் முதலில் பாருங்கள். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு அங்கே ரயில்வே வேலைக்கும் பல்லாண்டுகள் ஆட்கள் போனார்கள். தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்களில் நம்மவர் ஏராளம். எப்படித் தெரியும்? கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இங்கே ரயில் கரை கட்டியபோது நம் பெயரை எழுதாதவர்கள், கடல் தாண்டிக் கூலிக்கு ஏற்றியபோது ஊரோடு எழுதிக்கொண்டார்கள். இன்று நம் முன்னோரைத் தேட அந்தப் பதிவேடு உதவுகிறது. ஒப்பந்தம் கொடுமையானது. அதிலும் அடி இருந்தது, சிறை இருந்தது. இருந்தாலும் அதற்கு ஐந்து ஆண்டு என்று ஒரு முடிவு எழுதப்பட்டிருந்தது. படியாள் கடனுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

மறுபக்கம் கோலார் தங்கவயல். 1880களிலிருந்து அங்கே சுரங்கம் வளர்ந்தது. வட ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அரக்கோணம் அப்போது வட ஆற்காடு மாவட்டம். சுரங்கத்தில் பாறை விழுந்து செத்தார்கள், நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். ஆனால் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. காசு கிடைத்ததால் பள்ளி வந்தது, சங்கம் வந்தது, அச்சகம் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை வாங்கிப் படித்து, கட்டுரை அனுப்பி, பணம் திரட்டிக் கொடுத்தவர்களில் தங்கவயல் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். பண்டிதரின் நூல்களைப் பிற்காலத்தில் அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. ரங்கூனிலும் டர்பனிலும்கூட ‘தமிழன்’ படிக்கப்பட்டது. போனவர்கள் தொலைந்து போகவில்லை. தபால் மூட்டை போன வழியில் சிந்தனை போனது. வந்த வழியில் அவர்களுடைய காசும் எழுத்தும் வந்தன. தலித் அச்சுப் பண்பாட்டின் வரலாற்றில் ரயிலுக்கும் தபாலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

சீனிவாசன் அவர்களின் வாழ்க்கையும் இதைத்தான் காட்டுகிறது. கோயம்புத்தூரில் படித்தார். நீலகிரியில் வேலை பார்த்தார். சென்னைக்கு வந்து 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். கோழியாளத்திலேயே இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. அவர் பயணம் செய்தது தப்பிப்பதற்காக மட்டும் அல்ல. போன இடத்தில் கற்றதைக் கொண்டு, போகாதவர்களுக்காகத் திரும்பி வந்து பேசினார். போகாதவர்கள் கேட்டது நிலம்.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். படியாள் கடன், குடியிருக்கும் மனைக்கும் உரிமை இல்லாமை, தரிசு நிலம் கேட்டால் மிராசுதார்கள் போடும் தடை, எல்லாவற்றையும் எழுதினார். மனை கொடுக்க வேண்டும், நிலம் கொடுக்க வேண்டும் என்றார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை எண் 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்பது இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு.

இரண்டு ஆண்டுகளை அருகருகே வையுங்கள். அன்றைய ரயில் கம்பெனிகளுக்கு அரசு நிலத்தை விலையில்லாமல் கொடுத்தது. கம்பெனி எந்த நிலத்தைக் கேட்டதோ அந்த நிலம் கிடைத்தது. மிராசு உரிமை குறுக்கே வந்தால் ஈடு கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள். 1865இல் ரயில் ஓடிவிட்டது. அந்தப் பாதையின் இருபுறமும் உழைத்தவர்களுக்குக் குடிசை போடும் மனையைப் பற்றி யோசிக்க 1892 வரை ஆனது. அப்போது மட்டும் மிராசு உரிமை பெரிய சட்டச் சிக்கல் ஆகிவிட்டது. தண்டவாளத்துக்கு வழிவிட்ட உரிமை, சேரிக்கு வழிவிடவில்லை.

அந்த நிலத்துக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பாதையின் மறுமுனையான செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகத் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் கொல்லப்பட்டார்கள். அரசாணை பிறந்து 102 ஆண்டுகள் கழித்து, அந்த ஆணையை நிறைவேற்றுங்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அரக்கோணத்தில் சுமை, காஞ்சிபுரத்தில் சாத்திய கதவு, செங்கல்பட்டில் துப்பாக்கி. இந்தப் பாதையின் நிலையங்களை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இனி வேலையைப் பார்ப்போம். மார்க்ஸின் எதிர்பார்ப்புக்கு ரயில்வேயின் உள்ளிருந்தே பதில் சொன்னவர் அம்பேத்கர். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களின் மாநாடு நடந்தது. பார்ப்பனியமும் முதலாளித்துவமும்தான் தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அங்கேதான். அந்த வாக்கியத்தை எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். அதே உரையில் அவர் கொடுத்த விவரங்களை அவ்வளவாகச் சொல்வதில்லை. தீண்டப்படாதவர் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தால் கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள் வரமுடியாதவரைப் போர்ட்டராக எடுப்பாரா? பணிமனையிலும் இயந்திரம் தொடும் வேலை கிடைக்காது, கூலி வேலைதான்.

இதைக் கவனியுங்கள். ஆங்கிலேயரின் கம்பெனி, நீராவி இயந்திரம், கால அட்டவணை, பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, எல்லாம் புதியவை. அந்தப் புதிய இடத்தில் யார் போர்ட்டர் என்பதை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அடுப்படி தீர்மானித்தது. சாதி என்பது தொழிலாளர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையில் 1936இல் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ரயில்வேயை வைத்து அதை நிரூபித்தார். 1928இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் சிறை சென்றார். நம் வரலாற்றிலும் அது பெருமைக்குரிய போராட்டம். ஆனால் கேங்கில் யார், இயந்திரத்தில் யார் என்ற கேள்வியைத் தனியாக ஒரு மாநாடு கூட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. ரயில்வேயில் கேங்கைத் தாண்டிய வேலைக்கு நம் பிள்ளைகள் வரத் தொடங்கியது அந்தக் கதவு வழியாகத்தான். இன்று ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் இன்ஜின் ஓட்டுநர் இருக்கையிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியைக் கொடுத்தது நீராவி அல்ல, அரசியல்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. ரயில் பெட்டியின் கழிப்பறைக் குழாய் நேராகத் தண்டவாளத்தின் மேல் திறந்திருந்த காலம் மிக நீண்டது. ஸ்டேஷனில் விழுந்த மலத்தை அள்ளியது யார்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை முடிவுக்குக் கொண்டுவரக் கால வரையறை வகுக்க வேண்டும் என்று ரயில்வேயைப் பெயர் சொல்லியே கேட்டது. உயிரிக் கழிப்பறைகள் பொருத்தப்பட்டது இதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ஆனால் துப்புரவு வேலை இன்று ஒப்பந்தக்காரர் கையில். நிரந்தர வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. அந்த உயர்வான வேலைகளில் நமக்கு இடம் கேட்டுப் போராட வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுக்கு எந்த ஒதுக்கீடும் தேவைப்படுவதில்லை. கேட்காமலே நமக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

பட்டு நகரம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தறிக்குழியில் உட்கார்ந்தவர்களில் நம்மவரும் உண்டு. பெரும்பாலோர் சொந்தத் தறி வைத்தவர்கள் அல்லர், கூலிக்கு நெய்தவர்கள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தக் குழந்தைகளில் பலர் தலித், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறியில் கட்டப்பட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்த்த அதே முன்பணம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ரயில் வந்து, மின்சாரம் வந்து, சேலைக்குப் புவிசார் குறியீடும் வந்த பிறகும், கடன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் சொல்ல வருவது இதுதான். ரயில் போகும் உரிமையைத் தந்தது. இருக்கும் உரிமையைத் தரவில்லை. போகும் உரிமை பெரியது. அதனால்தான் நம்மில் பலர் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் போக முடிந்தவரின் விடுதலை, போக முடியாதவரின் நிலத்தைக் கொண்டுவராது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த இரண்டு உரிமைகளையும் ஒருவரே ஒரே வாழ்நாளில் கேட்டார் என்பதால்தான் சீனிவாசன் அவர்களின் நினைவு நாளில் இதைப் பேசினேன்.

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று. தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத், பாலூர் என்று இந்தப் பாதையின் ஒவ்வொரு நிலையத்தையும் ஒட்டிய சேரிக்குப் போங்கள். கேங்கில் வேலை பார்த்த குடும்பங்கள் எவை, எந்தத் தலைமுறையில் சேர்ந்தார்கள், யார் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பென்ஷன் புத்தகமும் பழைய அடையாள அட்டையும் ஆவணம்தான்.

இரண்டு. நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. அவற்றில் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டத்து ஊர்ப்பெயர்களைத் தேடுங்கள். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தை நம் ஊர்ப்பெயராகப் படிக்க உங்களால்தான் முடியும்.

மூன்று. உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டைப் பாருங்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் பஞ்சமி நிலமாக இருந்த சர்வே எண், இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒருவர் தனியாகப் போக வேண்டாம், நான்கு பேராகப் போங்கள்.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் காஞ்சிபுரம் ரயில்பாதையின் வரலாறு முழுமையாகும். சுமந்தவர் பெயர், போனவர் பெயர், இருந்தவர் நிலம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் இதைப் பற்றி உங்களில் ஒருவர் பேச வேண்டும். கையில் பட்டியலோடு வந்து பேச வேண்டும்.